ஆளை விற்கிறார்கள், ஆளைக் கேட்க வேண்டாமா?

"இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கலாமா?" என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஒருவன் தன் கறவை மாட்டைப் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுக்கிறான். பணம் வாங்கவில்லை. "அடுத்த வருடம் சந்தையில் கன்று பொறுக்க உனக்கு ஒரு முறை வரும் அல்லவா? அந்த முறையை எனக்கு விட்டுக் கொடு. அது போதும்" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். அவன் மனைவி அவனைச் சும்மா விடுவாளா? கன்று எப்படிப்பட்டதோ! கறக்குமோ, முட்டுமோ, நோய்ப்பட்டு விழுமோ, யார் கண்டது?

அமெரிக்காவில் இந்த வியாபாரத்தைப் படித்தவர்கள், பணக்காரர்கள், பெரிய பெரிய முதலாளிகள் செய்கிறார்கள். ஒரு வித்தியாசம். அங்கே கைமாறுவது மாடு அல்ல, மனிதன். கால்பந்து ஆட்டக்காரன்.

இந்த வியாபாரம் புத்திசாலித்தனமா, முட்டாள்தனமா என்று அங்கே வருடா வருடம் பெரிய வாக்குவாதம் நடக்கிறது. அந்த வாக்குவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் அதிகமாக எழுவதே இல்லை. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறோம். முதலில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அது வேறு கால்பந்து

அமெரிக்கக் கால்பந்து நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. பெயரில்தான் கால். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், கையால் வீசுவார்கள். எதிரி பாய்ந்து கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவான். தலைக்குக் கவசம், தோளுக்குக் கவசம் உண்டு. அப்படியும் எலும்பு முறியும். மைதானம் 100 கஜ நீளம். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர்.

தேசியக் கால்பந்து லீக்கில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோஷ்டியிலும் 53 ஆட்டக்காரர்கள். ஓடுபவர் வேறு, வீசுபவர் வேறு, தடுப்பவர் வேறு. ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. நாதஸ்வரக்காரரிடம் தவிலைக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கதைதான். ஆகவே ஒரு கோஷ்டியில் ஓட ஆள் இருக்கும், தடுக்க ஆள் இருக்காது. ஒரு இடத்தில் நட்சத்திரம் ஜொலிக்கும், ஐந்து இடத்தில் ஓட்டை இருக்கும்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் வியாபாரம்.

ஆள் எடுக்கும் சீட்டு

கல்லூரிகளில் ஆடிப் பெயர் வாங்கிய வாலிபர்களை ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் வரிசைப்படி எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு "டிராஃப்ட்" என்று பெயர். நாம் "ஆள் எடுப்பு" என்று சொல்வோம். போன வருடம் எல்லாரிடமும் தோற்ற கோஷ்டிக்கு முதல் முறை. கோப்பை வாங்கிய கோஷ்டிக்குக் கடைசி முறை. இப்படி ஏழு சுற்று. மெலிந்தவனுக்கு முதல் பந்தி! கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா?

இந்த யோசனையைச் சொன்னவர் பிலடெல்பியா கோஷ்டியின் முதலாளி பெர்ட் பெல். 1935-ல் சொன்னார், 1936-ல் முதல் ஆள் எடுப்பு நடந்தது. அதற்கு முன்னால் பணக்காரக் கோஷ்டிகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போயின. ஏழைக் கோஷ்டிகள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெல்லின் கோஷ்டி அப்படி வாயைப் பார்த்த கோஷ்டி.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்த முதல் வருடம், முதல் முறையில், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். எடுத்தது பெல்லின் பிலடெல்பியா கோஷ்டி. அவரோடு சம்பளம் ஒத்துவராததால், அவரைப் பேசும் உரிமையைச் சிகாகோ கோஷ்டிக்குக் கைமாற்றினார்கள். அங்கேயும் ஒத்துவரவில்லை. "உங்கள் ஆட்டமும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம்" என்று அவர் ஒரு ரப்பர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ஆள் எடுப்பின் முதல் ஆளே ஆட வரவில்லை! பிறந்த அன்றே இந்த முறை ஒரு பாடம் கேட்டுக்கொண்டது. பாடம் மனதில் தங்கியதாகத் தெரியவில்லை.

எந்தச் சுற்றில் எந்த முறை என்பது ஒரு சொத்து மாதிரி. அதை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுக்கலாம், வாங்கலாம். அடுத்த வருடத்து முறையையும் இன்றைக்கே கைமாற்றலாம். உண்மையில் காகிதச் சீட்டு கிடையாது. ஆனாலும் புரிவதற்காக இதைச் "சீட்டு" என்றே சொல்வோம். முதல் சுற்றுச் சீட்டுக்கு மதிப்பு மிக அதிகம். ஏழாம் சுற்றுச் சீட்டு வெறும் கொசுறு. 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கோஷ்டிக்காரர்கள் இதற்கு ஒரு விலைப் பட்டியலே போட்டார்கள். முதல் சீட்டுக்கு 3,000 புள்ளி. பத்தாவது சீட்டுக்கு 1,300. முப்பத்திரண்டாவது சீட்டுக்கு 590. மளிகைக் கடையில் தொங்கும் விலைப் பலகை தோற்றது, போங்கள்!

அந்த டல்லாஸ் கோஷ்டியின் கதையைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும்.

வாக்கரை விற்ற கதை

1989-ம் ஆண்டு. டெக்ஸாஸ் மாகாணத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் கோஷ்டி. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த கோஷ்டி அது. அப்போது நொடித்துப் போயிருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் ஜெர்ரி ஜோன்ஸ் என்ற எண்ணெய் வியாபாரி 14 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கினார். 29 பருவங்களாக இருந்த பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார். தம்மோடு கல்லூரியில் ஆடிய நண்பர் ஜிம்மி ஜான்சனைப் பயிற்சியாளர் ஆக்கினார். ஊர் ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஐந்து பந்தயம் ஆடினார்கள். ஐந்திலும் தோல்வி!

கோஷ்டியில் உருப்படியாக இருந்தவர் ஹெர்ஷல் வாக்கர். வயது 27. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் சூரர். முந்திய வருடம் மட்டும் 1,514 கஜம் ஓடியிருந்தார். தோற்ற கோஷ்டியில் இருந்துகொண்டு அவ்வளவு ஓடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். டல்லாஸ் ரசிகர்களுக்கு அவர்தான் கண்.

ஜான்சன் அந்தக் கண்ணையே விற்கலாம் என்றார்!

அவர் கணக்கு இது. "வாக்கர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் ஒருவர்தான். நமக்கோ பத்து இடத்தில் ஓட்டை. அந்தப் பத்து ஓட்டையையும் நாம் அடைத்து முடிப்பதற்குள் வாக்கருக்கு முப்பது வயது தாண்டிவிடும். ஓடுகிறவன் காலுக்கு முப்பது வயது என்றால் கிழடு. இன்றைக்கு அவருக்கு விலை இருக்கிறது. மூன்று வருடம் கழித்து இருக்குமா?"

மின்னசோட்டா வைக்கிங்ஸ் கோஷ்டியின் கணக்கு வேறு. அவர்களிடம் தடுக்க ஆள் இருந்தார்கள், வீச ஆள் இருந்தார்கள். ஓட ஒரு சூரர் மட்டும் கிடைத்தால் கோப்பை கைக்கு வந்துவிடும் என்று நம்பினார்கள். 1970-களில் நான்கு தடவை இறுதிப் பந்தயத்துக்குப் போய் நான்கிலும் தோற்ற கோஷ்டி அது. பசி எவ்வளவு இருந்திருக்கும்! பசித்தவன் விலை கேட்டு வாங்குவானா?

1989 அக்டோபர் 12-ந் தேதி வியாபாரம் முடிந்தது. மின்னசோட்டா ஐந்து ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. அதோடு சீட்டுகள். இதில்தான் ஜான்சனின் சாமர்த்தியம். அந்த ஐந்து பேரில் ஒவ்வொருவரோடும் ஒரு சீட்டு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. குறித்த தேதிக்குள் டல்லாஸ் அந்த ஆளைக் கழற்றிவிட்டால், மின்னசோட்டா அதற்கு ஈடாக ஒரு நல்ல சீட்டைக் கொடுக்க வேண்டும். "ஆட்டக்காரர்களுக்காகத்தான் ஜான்சன் இந்த வியாபாரம் செய்கிறார், அவர்களை எதற்குக் கழற்றப் போகிறார்?" என்று மின்னசோட்டா நினைத்தது. ஜான்சனுக்கு வேண்டியிருந்தது சீட்டுதான்! பிறகு மறுபடியும் பேசி, சில ஆட்களையும் வைத்துக்கொண்டு, சீட்டுகளையும் வாங்கிக்கொண்டார். 1990, 1991, 1992 மூன்று வருடத்து முதல் சுற்றுச் சீட்டுகளும், இரண்டாம் சுற்றுச் சீட்டுகளும் டல்லாஸ் பைக்குள் போயின.

அன்றைக்கு டல்லாஸ் நகரத்தில் ஜான்சனைத் திட்டாதவர்கள் குறைவு. வாக்கர் மின்னசோட்டாவில் ஆடிய முதல் பந்தயத்திலேயே 148 கஜம் ஓடினார். கேட்க வேண்டுமா? "பார்த்தீர்களா, தங்கத்தைக் கொடுத்துத் தவிட்டை வாங்கினார்கள்" என்று ஏசினார்கள். அந்தப் பருவம் முடிந்தபோது டல்லாஸ் ஆடிய பந்தயம் 16. ஜெயித்தது ஒன்றே ஒன்று.

பிறகு சீட்டுகள் முளைவிட்டன.

1990-ல் மின்னசோட்டாவின் முதல் சுற்றுச் சீட்டு 21-வது சீட்டாக வந்தது. அதோடு இன்னொரு சீட்டையும் பிட்ஸ்பர்க் கோஷ்டிக்குக் கொடுத்து, 17-வது சீட்டை வாங்கினார் ஜான்சன். அதில் எடுத்த பையன் எம்மிட் ஸ்மித். ஆள் கொஞ்சம் குட்டை. ஓட்டத்திலும் வேகம் போதாது என்று பலர் தள்ளிவிட்ட பையன். அவர்தான் பின்னால் 18,355 கஜம் ஓடினார். இந்த லீக்கில் அதற்கு மேல் ஓடியவர் இன்று வரை கிடையாது. 1992-ல் இரண்டாம் சுற்றுச் சீட்டு ஒன்றில் வந்த டாரன் உட்சன் பல வருடம் டல்லாஸின் பின்வாசலைக் காத்தார். இன்னும் சிலர் வந்தார்கள்.

1993 ஜனவரியில் டல்லாஸ் கோப்பையை வாங்கியது. இறுதிப் பந்தயத்தில் 52-க்கு 17! அடுத்த வருடமும் வாங்கியது. 1996 ஜனவரியில் மறுபடியும் வாங்கியது. நான்கு பருவத்தில் மூன்று கோப்பை.

மின்னசோட்டா? வாக்கர் அங்கே ஒரு பருவத்திலும் ஆயிரம் கஜம் தொடவில்லை. 1991-ம் பருவத்தோடு அவரை விட்டுவிட்டார்கள். அந்தக் கோஷ்டிக்கு இன்றுவரை கோப்பை வரவில்லை.

எப்போதும் இப்படி நடக்குமா?

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "ஆகா, நட்சத்திரத்தை விற்றால் கோப்பை வரும்" என்று முடிவு கட்டக் கூடாது. அப்படி முடிவு கட்டிக் கெட்டவர்கள் உண்டு.

ஓக்லண்ட் ரைடர்ஸ் கோஷ்டியில் கலீல் மேக் என்று ஒருவர் இருந்தார். எதிரியின் வீச்சாளரைப் பாய்ந்து பிடிப்பதில் புலி. 2016-ல் தடுப்பு ஆட்டத்துக்கான தலைசிறந்த பரிசு வாங்கியவர். அதிகச் சம்பளம் கேட்டார். 2018 செப்டம்பரில் அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்து, இரண்டு முதல் சுற்றுச் சீட்டும் வேறு சில சீட்டும் வாங்கினார்கள். ஒரு சீட்டில் நல்ல ஓட்டக்காரர் ஒருவர் வந்தார். மற்றொரு முதல் சுற்றுச் சீட்டில் எடுத்த ஆளை இரண்டாவது பருவத்திலேயே கழற்றிவிட்டார்கள். புலியும் போயிற்று, சீட்டும் போயிற்று. சிகாகோ அந்த வருடமே 16 பந்தயத்தில் 12 ஜெயித்தது.

சீட்டு என்பது விதைநெல் மாதிரி. விதைக்கத் தெரிந்தவன் கையில் இருந்தால்தான் பயிர். டல்லாஸ் வென்றதற்குச் சீட்டு மட்டும் காரணம் அல்ல. வீசுவதற்கு ட்ராய் எய்க்மேனும், பந்தைப் பிடிப்பதற்கு மைக்கேல் இர்வினும் முன்னாலேயே அங்கே இருந்தார்கள். எந்தப் பையன் தேறுவான் என்று பார்க்கும் கண் ஜான்சனுக்கு இருந்தது. கண் இல்லாதவனுக்கு நூறு சீட்டு கொடுத்தாலும் குப்பைதான்.

இப்போதெல்லாம் இந்த வியாபாரத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. அதுதான் சம்பள வரம்பு. 1994-லிருந்து ஒரு கோஷ்டி மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று கட்டுப்பாடு இருக்கிறது. 2025-ல் அந்த வரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். பெரிய தொகைதான். ஆனால் 53 பேருக்குப் பங்கிட வேண்டும். அந்த வருடம் ஆகஸ்டில் டல்லாஸிலிருந்து மைக்கா பார்சன்ஸ் என்பவர் கிரீன் பே கோஷ்டிக்குக் கைமாறினார். கிரீன் பே அவருக்கு எழுதிய ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 18 கோடியே 80 லட்சம் டாலர். வருடத்துக்குச் சராசரி 4 கோடியே 70 லட்சம்! வீட்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்கை ஒரே பிள்ளைக்குக் கொடுத்தால், மற்ற 52 பிள்ளைகளும் என்ன சாப்பிடும்? சீட்டில் வரும் புதுப் பையனுக்கு நான்கு வருடம் கட்டுப்பட்ட சம்பளம். அது குறைவு. ஆகவே சம்பளம் ஏறும் நேரம் பார்த்துப் பழைய ஆளை விற்பதும், புதிய ஆளை எடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பார்சன்ஸை விற்றவர் யார் தெரியுமா? 1989-ல் வாக்கரை விற்ற அதே ஜெர்ரி ஜோன்ஸ்! 36 வருடம் கழித்து அதே முதலாளி, அதே வியாபாரம். வாங்கியது ஒரு ஆட்டக்காரரும், 2026, 2027 வருடத்து முதல் சுற்றுச் சீட்டுகள் இரண்டும். டல்லாஸ் ரசிகர்கள் இந்தத் தடவையும் திட்டினார்கள். யார் சொன்னது சரி என்று பயிர் விளைந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

ஆக, ஆளைக் கொடுத்துச் சீட்டு வாங்குவது முட்டாள்தனம் அல்ல என்பது நம் அபிப்பிராயம். கோஷ்டிக்குப் பல இடத்தில் ஓட்டை இருக்க வேண்டும். விற்கிறவருக்கு நல்ல விலை இருக்க வேண்டும். எடுக்கத் தெரிந்த கண் வேண்டும். இவை இருந்தால் பாட்டி சொல்லைத் தாராளமாக மீறலாம்.

மாட்டைக் கேட்டார்களா?

நாம் கேட்பது வேறு.

நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். கயிறு கைமாறும்போதுதான் அதற்குச் சங்கதி தெரியும்.

மாட்டுக்கு அது போதும். மனிதனுக்குப் போதுமா?

1989 வியாபாரத்தில் வாக்கர் பெயரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எதிர்ப் பக்கத்தில் கைமாறிய ஐந்து பேரில் டாரின் நெல்சன் என்று ஒருவர் இருந்தார். அவரும் ஓட்டக்காரர். 1982-ல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டு, எட்டாவது பருவமாக மின்னசோட்டாவிலேயே ஆடிக்கொண்டிருந்தவர். எட்டுப் பருவம் என்றால் ஒருவனுக்கு ஊர் சொந்த ஊராகிவிடும். வீடு, அக்கம்பக்கம், நாலு சிநேகிதர்கள் எல்லாம் அங்கேதான். "நாளையிலிருந்து நீ டல்லாஸ்" என்றார்கள். நெல்சன் போகவில்லை. "டல்லாஸுக்கு வர மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவரைச் சான் டியாகோ கோஷ்டிக்கு அனுப்பினார்கள்.

வாக்கர் விஷயம் என்ன? அவரைச் சம்மதிக்க வைக்க டல்லாஸ் தனியாக 12½ லட்சம் டாலர் கொடுத்தது! சம்மதம் என்பது தேவைதான் என்று முதலாளிகளுக்கே தெரிந்திருக்கிறது. நட்சத்திரமாக இருந்தால் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். சாதாரண ஆட்டக்காரனிடம் அதைக் கேட்பதே இல்லை. நமக்கு உறுத்துவது இதுதான்.

"கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன குறை?" என்று சிலர் கேட்பார்கள். கோடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பாக்கிப் பேர் இரண்டு மூன்று வருடம் ஆடிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் மனைவி உண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாதி வருடத்தில் இருக்கும். அந்த நேரத்தில் போன் வரும். அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஆட்டக்காரன் விரும்பிய கோஷ்டிக்குப் போகும் சுதந்திரம் 1993-ல் கிடைத்தது உண்மை. அதையும் கோர்ட்டு ஏறித்தான் வாங்கினார்கள். ஆனால் ஒப்பந்தம் நடக்கும்போது அவன் முதலாளியின் சரக்கு. "என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடிகிறவர்கள் மிகச் சிலரே.

பேஸ்பாலைப் பாருங்கள்

கேட்க முடியாது, கேட்டால் ஆட்டமே நடக்காது என்று முதலாளிகள் சொல்லக்கூடும். அதே அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் கேட்கிறார்கள். ஆட்டம் நன்றாகத்தான் நடக்கிறது.

அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். கர்ட் ஃப்ளட். செயின்ட் லூயிஸ் கோஷ்டியில் 12 பருவம் ஆடியவர். நீக்ரோ இனத்தவர் என்று அந்தக் காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு அமெரிக்கர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். "நான் வாங்கி விற்கிற பொருள் அல்ல" என்ற நிலையில் நின்றார். சுமார் ஒரு லட்சம் டாலர் சம்பளத்தை உதறினார். 1970 முழுவதும் ஆடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1972-ல் மூன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று.

அவர் தோற்றாலும் அவர் கேட்ட கேள்வி தோற்கவில்லை. 1973-ல் முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் ஒரு விதிக்கு ஒத்துக்கொண்டார்கள். பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே கோஷ்டியில் இருந்தவரை, அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. அந்த விதி இன்றும் இருக்கிறது.

நம் பக்கத்துக் கிரிக்கெட்டிலும் இது உண்டு. ஐ.பி.எல். பந்தயத்தில் ஒரு ஆட்டக்காரரை மாற்ற வேண்டுமானால் அவர் சம்மதிக்க வேண்டும். 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா சென்னையை விட்டு ராஜஸ்தானுக்குப் போனார்; சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். நம் வீடுகளில் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத ரசிகர்கள் உண்டு. ஆனாலும் போனவரைக் கேட்டுத்தான் அனுப்ப முடியும் என்பது ஒரு ஆறுதல்.

அமெரிக்கக் கால்பந்திலேயே கேட்டுச் செய்த வியாபாரம் நடந்திருக்கிறது. 2022 மார்ச்சில் கன்ஸாஸ் சிட்டி கோஷ்டி தன் மின்னல் வேக ஆட்டக்காரர் டைரீக் ஹில்லைக் கொடுக்க முடிவு செய்தது. நியூயார்க் ஜெட்ஸ், மியாமி இரண்டும் கேட்டன. எங்கே போகிறாய் என்ற தேர்வு ஹில்லிடம் இருந்தது. அவர் மியாமி என்றார். நான்கு வருடத்துக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அங்கே போய் முதல் பருவத்தில் 1,710 கஜமும், அடுத்ததில் 1,799 கஜமும் பந்து பிடித்து எடுத்தார். கன்ஸாஸ் சிட்டிக்கு ஐந்து சீட்டு கிடைத்தது. 2023-லும் 2024-லும் பிப்ரவரியில் கோப்பையும் கிடைத்தது. கேட்டதனால் யாருக்கு என்ன நஷ்டம்? விற்றவனும் வாழ்ந்தான், வாங்கியவனும் வாழ்ந்தான், போனவனும் வாழ்ந்தான்.

ஐந்து பருவம் போதும்

பேஸ்பால் விதியை அப்படியே கால்பந்துக்குக் கொண்டுவந்தால் பிரயோசனம் இல்லை. கால்பந்தில் பத்து வருடம் தாக்குப் பிடிக்கிறவர்கள் அபூர்வம். ஒருவன் ஆடும் காலம் சராசரி மூன்றரை வருடம்கூட இல்லை என்று ஆட்டக்காரர் சங்கமே சொல்லி வருகிறது. பத்து வருடம் என்று எழுதினால், பல் போன பிறகு முறுக்கு கொடுத்த மாதிரி ஆகும்.

ஐந்து பருவம் ஒரே கோஷ்டிக்கு உழைத்தவனைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று இருக்கட்டும். வேண்டாம் என்றால் அவன் பழைய சம்பளத்துக்கே பழைய இடத்தில் இருக்கட்டும். இந்த விதி இருந்திருந்தால் 1989-ல் நெல்சன் ஊரே கூடிப் பார்க்க முரண்டு பிடித்து உட்கார வேண்டியிருந்திருக்காது. ஒரு வார்த்தை "இல்லை" என்று சொன்னால் முடிந்திருக்கும். ஜான்சனும் எப்படியும் தன் சீட்டை வாங்கியிருப்பார். அவருக்கு வேண்டியிருந்தது நெல்சன் அல்லவே!

ஐந்து பருவத்துக்குக் குறைந்தவர்கள் கதி? அவர்களைக் கேட்காவிட்டாலும், மாற்றிய பருவம் முடிகிற வரை குடும்பம் பழைய ஊரிலேயே இருக்க வீட்டு வாடகையையாவது முதலாளி கொடுக்கலாம். 14 கோடி டாலருக்கு ஜோன்ஸ் வாங்கிய கோஷ்டியின் மதிப்பு இன்றைக்குப் பல நூறு கோடி டாலர். நாலு மாத வாடகையில் அது தேய்ந்துவிடாது.

முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் 2020-ல் எழுதிய உடன்படிக்கை 2031 மார்ச் வரை ஓடுகிறது. அதற்கு முன்னால் இரண்டு தரப்பும் மறுபடியும் மேஜையில் உட்கார வேண்டும். போன தடவை சம்பளப் பங்கும், பதினேழாவது பந்தயமும் பெரிய பேச்சாக இருந்தன. அடுத்த தடவை சங்கத்தார் கொண்டுபோகும் கோரிக்கைத் தாளில் இந்த ஐந்து பருவ விதி முதல் வரியாக இருக்கட்டும்.